பிரிக்கப்படாத பங்கு

எங்கள் வீட்டுப் பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பங்கு' என்றொரு சொல் இருக்கிறது. பேச்சில் எல்லோரும் யூ.டி.எஸ். என்றே சொல்கிறோம். நான்கு சுவர்களுக்குள் இருப்பது எனக்குரிய வீடு என்றாலும், கட்டடம் நிற்கும் நிலத்தில் எனக்குள்ள 380 சதுர அடி எந்த மூலையில் இருக்கிறது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. பன்னிரண்டு வீட்டாரின் நிலமும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கிறது. 2003இல் சென்னை வேளச்சேரியில் இந்த வீட்டை வாங்கியபோது, அதைப் பத்திர எழுத்தரின் வழக்கமான சொல்லாக எண்ணிக் கடந்துவிட்டேன். சென்ற மாதம் உரிமையாளர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அச்சொல் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

1996இல் கட்டப்பட்ட எங்கள் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தர ஒரு கட்டுமான நிறுவனம் முன்வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் கூடினோம். 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டுச் சட்டம், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். அது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஒரே ஒருவர் கையெழுத்திட மறுத்ததால், சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரியும் கூரைகளுக்குக் கீழே ஆண்டுக்கணக்கில் படுத்துறங்கிய குடும்பங்களை இந்த நகரத்தில் பார்த்திருக்கிறேன். என்னை உறுத்தியது வேறு. பன்னிரண்டு வீடுகளில் ஐந்தில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை, அழைக்கப்படவும் இல்லை. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் ஐந்து உரிமையாளர்கள் கைப்பேசி வழியாகக் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் படிகளில் கடைசியாக ஏறியது 2017இல்.

கீழ்வீட்டு அக்கா குடும்பம் 2005 முதல் இங்கே வாடகைக்கு இருக்கிறது. எங்கள் மோட்டார் அறையின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. சங்கம் கூடித் தீர்மானம் போட்டுக் கொடுத்த சாவியன்று; முன்பிருந்த காவலாளி ஊருக்குப் போன நாளில், அப்போது வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது அப்படியே தங்கிவிட்டது. காலை ஐந்தரைக்கும் மாலை ஆறரைக்கும் அவர் மோட்டார் போடுகிறார். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கனமாக இருந்து மெல்ல மெலிந்து வருவதைக் கீழே சமையலறையில் நின்றபடியே கேட்டு, வழிவதற்கு முன் நிறுத்திவிடுவார். இது அவருடைய காது இருபது ஆண்டுகளில் கற்றுக்கொண்ட வேலை. அவர் ஒரு நாள் நிறுத்தத் தவறினால் இரண்டாம் மாடியில் கூரை நனையும். இரண்டு நாள் போடத் தவறினால் பன்னிரண்டு வீட்டிலும் குழாய் காற்றைத்தான் துப்பும்.

2019 கோடையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தன. எங்கள் போர் கிணறு மே மாதத்திலேயே கைவிட்டது. லாரிக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். அது எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலையில், நள்ளிரவு ஒன்றரை மணிக்கு வந்தாலும் எழுந்து சம்ப் எனும் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து, குழாயைப் பிடித்து, கடைசிச் சொட்டு வரை இறங்கியதா என்று டார்ச் அடித்துப் பார்த்தவர் அக்காதான். வீட்டுக்குப் பத்துக் குடம் என்று நாங்கள் வகுத்த கணக்கைத் தாளில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியவரும் அவரே. கைக்குழந்தை இருந்த வீட்டுக்கு இரண்டு குடம் கூடுதலாகப் போவதை எல்லோரும் அறிந்திருந்தோம், யாரும் கேட்கவில்லை. உரிமையாளரா வாடகைக்காரரா என்ற பேச்சு அந்த நான்கு மாதங்களில் ஒரு முறைகூட எழவில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இதற்கு நேர்மாறான துன்பம் வந்தது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு வெள்ளம் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, அக்காவும் அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் முதல் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு நாள் ஒரே அடுப்பில் சமைத்தோம். மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் செத்துவிட்டன. இரண்டாம் மாடிப் பெரியவர் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். குளிர்சாதனப் பெட்டி ஓடாததால் மருந்து கெட்டுவிடுமோ என்று அவர் மனைவி அழுதுகொண்டே இறங்கி வந்தார். தன் வீட்டிலிருந்து வேறு எதையும் பெரிதாக எடுத்து வராத அக்கா, ஒரு மண்பானையை மட்டும் கொண்டு வந்திருந்தார். அதில் ஈர மணலைப் போட்டு, மருந்தைப் பாலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்தோம். பெரியவர் வேளை தவறாமல் எங்கள் சமையலறைக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டார். அவர் இப்போது இல்லை. அந்தப் பானை இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது.

அண்டை வீட்டாரோடு எப்போதும் இப்படி இணக்கமாகவே வாழ்ந்தோம் என்று சொன்னால் அது பொய்யாகும். எங்கள் சமையலறைக் கூரையில் ஓதம் கண்டு, மேல்வீட்டு சாருடன் ஏழு மாதங்கள் மனத்தாங்கலில் இருந்தேன். அடுக்குமாடியில் ஒருவருடைய தரைதான் இன்னொருவருடைய கூரை. அங்கே கசியும் தண்ணீரை யார் செலவில் அடைப்பது என்பது, எழுதி முடியாத வழக்கு. வாட்ஸ்அப் குழுவில் நான் படம் போடுவேன், அவர் படித்துவிட்டதற்கான நீல அடையாளம் தெரியும், பதில் வராது. எனக்குக் கோபம் இன்னும் ஏறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காதான் அவரைக் கையோடு அழைத்து வந்து எங்கள் சமையலறையில் நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தவர், "இவ்வளவு மோசமா இருக்குன்னு தெரியாது சார்" என்றார். மறுவாரமே பிளம்பர் வந்து தோண்டிப் பார்த்தபோது, அவர்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பைச் சுற்றிப் பூச்சு விட்டுப்போயிருந்தது தெரிந்தது. செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். ஏழு மாதம் நான் செய்யத் தவறியது மேலே போய் அழைப்பு மணியை அழுத்துவதைத்தான் என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கூட்டத்தில் நான் இவற்றையெல்லாம் சொன்னபோது, "வாடகைக்கு இருப்பவர்கள் இன்று இருப்பார்கள், நாளை போவார்கள், முடிவில் அவர்களுக்கு என்ன பங்கு?" என்று ஓர் உரிமையாளர் கேட்டார். நிலத்தில் பங்கு இல்லைதான். அதை அவர்களும் கேட்கவில்லை. ஆனால் மாதாமாதம் வீட்டுக்கு 1,500 ரூபாய் பராமரிப்புத் தொகை கொடுப்பவர்கள் அவர்கள். 2022இல் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் உரிய பொது மின்சாரம் யூனிட்டுக்கு 8 ரூபாயாக உயர்ந்தபோது, அந்தச் சுமையில் தங்கள் பங்கை மறுபேச்சின்றி ஏற்றவர்களும் அவர்கள். (பத்து வீடுகளுக்கு மேற்படாத, மின்தூக்கி இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு மறு ஆண்டு அந்தக் கட்டணம் குறைக்கப்பட்டது, பன்னிரண்டு வீடுகள் என்பதால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை.) சம்ப் எப்போது கழுவப்பட்டது, எந்த வால்வு இறுகிக் கிடக்கிறது, கழிவுநீர்க் குழாய் எந்த இடத்தில் அடைக்கும் என்பவை உரிமைப் பத்திரம் வைத்திருப்பவர்களைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

எனவே சங்கத்துக்கு ஒரு கோரிக்கையை எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர், மின்சாரம், பராமரிப்பு ஆகியவை பேசப்படும் எல்லாக் கூட்டங்களுக்கும் இங்கே குடியிருக்கும் அனைவரையும் அழைக்க வேண்டும். அவற்றில் அவர்களுக்கும் வாக்கு வேண்டும். இடிப்பது உறுதியானால், குடியிருப்பவர்களுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். முன்பணத்தை வண்ணப்பூச்சு, பழுது என்று பிடித்தம் செய்யாமல் வீடு காலி செய்யும் நாளிலேயே முழுமையாகத் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் இடிக்கப்போகும் சுவருக்கு யாரும் வண்ணம் பூசப்போவதில்லை. பிள்ளைகளின் பள்ளி மாறாதபடி அருகிலேயே வீடு தேடித் தருவதில் நாங்கள் அனைவரும் கை கொடுக்க வேண்டும். கட்டுமான நிறுவனம் உரிமையாளர்களுக்கு இடைக்கால வாடகை தருகிறது. வாடகைக்கு இருப்பவர்களின் இடமாற்றச் செலவையும் ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேட்பதில் என்ன தடை?

நேற்று மாலை அந்தத் தாளை அக்காவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படித்தார். அவரைப் பற்றி எழுதியிருந்த வரிகளில் எதுவும் சொல்லவில்லை. "கூட்டம் ஞாயித்துக்கிழமை ஆறரைக்கா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப ஆறு மணிக்கே மோட்டார் போட்டுடறேன்" என்றார்.