போர்டில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று

ஒரு ஆஸ்பத்திரி வைத்த அந்த ரோஸ் ரிப்பன் பேனரைப் பற்றி நான் போட்ட பதிவுக்கு இரண்டு நாளாக என்னைக் காய்ச்சுகிறீர்கள். சரி, பேசிவிடுவோம். "மார்பகப் புற்றுநோய்க்கு முழுமையான சிகிச்சை" என்று போட்டிருக்கிறார்களே, கதிர்வீச்சு மெஷின் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றினால் பின்னாலேயே பெரும்பாலும் கதிர்வீச்சு கொடுத்தாக வேண்டும், அதனால் கேட்டேன். இருக்கிற வசதியைப் பார்த்து ஆஸ்பத்திரிகளைத் தரம் பிரித்துப் போர்டிலேயே போடணும் என்றும் சொன்னேன். உடனே நான் டாக்டர்களுக்கு விரோதியாம்!

மாட்டுத்தாவணி என்று போர்டு வைத்துவிட்டுப் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் கண்டக்டர் சட்டையைப் பிடிக்கிறோம். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் கும்பிடணுமா?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சித்திக்கு நெல்லிக்காய் அளவு கட்டி. போன இடத்தில், துளி சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸியெல்லாம் இல்லை, நேரே வெட்டி எடுத்து, பாட்டிலில் போட்டுச் சித்தப்பாவிடம் காட்டி "எடுத்தாச்சு" என்றார்கள். லேபுக்கு அனுப்பவே இல்லை. ஆறே மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்து, மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், முதல் கேள்வியே "பிளாக் எங்கம்மா?" மெழுகில் பதித்து வைக்கிற அந்தச் சதையில்தான் கட்டி எந்த வகை என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சோதனையெல்லாம் பார்த்து எந்த மருந்து என்று முடிவு செய்வார்கள். சித்தி மஞ்சப்பையை மேசையில் கொட்டித் துழாவினார். பில் மட்டும் இருந்தது.

"தரம் பிரித்தால் சின்ன ஆஸ்பத்திரிகளை மூட வேண்டியதுதான்" என்கிறார் ஒருவர். யார் மூடச் சொன்னது? பயாப்ஸி எடுத்துச் சரியான இடத்துக்கு அனுப்புவதே பெரிய வேலை, அதை மட்டும் செய்கிறோம் என்று எழுதுங்கள். வசதிக்குத் தக்கபடி அடிப்படையிலிருந்து உச்சம் வரை நான்கு படியாக உலக அளவில் வகுத்தே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் மார்பகப் புற்றுநோய் நிபுணர்கள் சங்கமான யூசோமா, மார்பக மையம் என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 150 புது நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்கிறது. நான் 150 கேட்கவில்லை சாமி, போர்டில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்கிறேன்.

காசு கொடுத்து கிரேடு வாங்கிவிடுவார்களே என்றால், வாங்குவார்கள்தான். அதற்காக?

ஆனால் "படிக்காதவங்க ஏமாந்தா ஆஸ்பத்திரி என்ன பண்ணும்" என்று ஒரு கமெண்ட். சித்தி எட்டாவது வரை படித்தவர். அங்கேயும் போர்டில் "முழுமையான சிகிச்சை" என்றுதான் இருந்தது, அதை எழுத்துக் கூட்டாமல் ஒழுங்காகத்தான் படித்தார். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டீர்களே மாமா, இதை அன்றைக்கே சித்தப்பாவிடம் கேட்டிருக்கலாம்.