“எங்க மூணாவது ஸ்பீக்கர் பதில் சொல்லுவாரு”வாம்!

இந்த ஒரு வரியை இனிமே எவனாவது என் காது கேக்க சொன்னா பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு டிபேட் டீமை விட்டே போயிருவேன், சத்தியமா. ரெண்டு வருஷமா நான்தான் அந்த மூணாவது ஸ்பீக்கர். வேர்ல்ட் ஸ்கூல்ஸ்ங்கிற டிபேட் பாணியில பேசுறவங்களுக்குத் தெரியும், ஒரு பக்கத்துக்கு மூணு பேரு, ஆளுக்கு 8 நிமிஷம், முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் நம்ம வாதத்தைக் கட்டணும், மூணாவது ஆளு எதிர் டீம் சொன்னதை ஒடைக்கணும். எழுதி வச்சுக்கிட்டு வர முடியாது, அவங்க என்ன பேசுறாங்களோ அதைக் கேட்டு அங்கேயே உக்காந்து எழுதணும். சரி, அது என் வேலை, எனக்குப் பிடிச்ச வேலையும்தான். ஆனா ஒடைக்கிறது வேற, நம்மாளுங்க கொட்டிட்டுப் போன குப்பையை அள்ளுறது வேற இல்லையா?

போன சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்க. வீட்டுப்பாடத்தைத் தடை பண்ணணும்னு மோஷன், அதாவது விவாதத் தலைப்பு, நாங்க எதிர்ப்புப் பக்கம். அதாவது வாழ்க்கையில ஒழுங்கா ஒரு நாள் கூட ஹோம்வொர்க் முடிக்காத மூணு பேரு ஹோம்வொர்க்கைக் காப்பாத்தப் பேசணும், அதுகூட பரவால்ல, பக்கத்தை நாம தேர்ந்தெடுக்க முடியாது. தயாரிக்க 1 மணி நேரம், ஃபோன் கிடையாது, கோச் உள்ள வரக் கூடாது, ஒரு ரூம்ல எங்களை அடைச்சு வச்சுட்டுப் போயிட்டாங்க. எங்க முதல் ஸ்பீக்கர் என்ன பண்ணான் தெரியுமா? 20 நிமிஷம், முழுசா 20 நிமிஷம், “வீட்டுப்பாடம்னா என்ன”ன்னு டெஃபனிஷன் எழுதினான். டேய், டெஃபனிஷன் சொல்றது ஆதரவு டீமோட உரிமைடா, அவங்க சொல்றது அநியாயமா இருந்தா மட்டும்தான் நாம அதுல கை வைக்கணும்னு நான் கத்துறேன், “மச்சி ஒரு நிமிஷம், ஃப்ளோல இருக்கேன்”ங்கிறான். ஃப்ளோவாம்! அதுக்கப்புறம் 15 நிமிஷம் ஓப்பனிங். ஒரு குட்டிப் பையன் ராத்திரி விளக்கு வெளிச்சத்துல உக்காந்து படிக்கிற மாதிரி ஒரு கதை. எங்க எந்த பாயின்ட்டுக்கும் அந்தக் கதைக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இந்த ஒரு மணி நேரத்துல என்ன பண்ணணும்னா, அவங்க என்னென்ன சொல்லுவாங்கன்னு மூணு பேரும் சேர்ந்து யோசிக்கணும். மன அழுத்தம் சொல்லுவாங்க, தூக்கம் சொல்லுவாங்க, வீட்ல உதவி பண்ண ஆளில்லாத பிள்ளைங்க பின்தங்கிப் போறாங்கன்னு சொல்லுவாங்க. அந்தக் கடைசி பாயின்ட் நிஜமாவே கஷ்டமானது, அதுக்குப் பதில் இல்லாம நாங்க மேடை ஏறவே கூடாது. நாலு தடவை எடுத்தேன் அந்தப் பேச்சை. நாலு தடவையும் “அது உன் ஏரியா”ன்னுட்டாங்க. ரெண்டாவது ஸ்பீக்கர் நல்ல பொண்ணு, உழைப்பாளி, அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவ பாவம் தன்னோட பாயின்ட்டையே 25 நிமிஷத்துல ஒட்டுப் போட்டுக்கிட்டிருந்தா.

மேடையில ஏறினான் நம்ம ஹீரோ. எதிர் டீம் முதல் ஆளு எங்க டெஃபனிஷனை விட அழகா ஒண்ணு குடுத்துட்டுப் போயிட்டான், ஆக அந்த 20 நிமிஷம் காலி. கதை ஓடுது, முதல் 1 நிமிஷம் முடிஞ்ச மணி அடிச்சாச்சு, இன்னும் அந்தப் பையன் விளக்கைக் கூட ஏத்தல. எதிராளி சொன்னதுக்கு முதல்ல ரிபட்டல், அதாவது மறுப்பு, சொல்லணும்ல, அதைத் தாவிட்டான். ரெண்டு பாயின்ட் அவன் பொறுப்பு, முதல் பாயின்ட் நடுவுல இருக்கும்போது எதிர் டீம்ல ஒருத்தி பிஓஐக்கு, அதாவது பேச்சுக்கு நடுவுல கேள்வி கேக்க, எந்திரிச்சா, அய்யா பெருந்தன்மையா வாங்கினான். அவ கேட்டது அதே கேள்வி, வீட்ல சொல்லித்தர ஆளில்லாதவன் என்ன பண்ணுவான்னு. நம்மாளு சிரிச்சான். “நல்ல கேள்வி. எங்க மூணாவது ஸ்பீக்கர் பதில் சொல்லுவாரு.”

எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறிருச்சு.

ரெண்டாவது பாயின்ட்டுக்குப் போறதுக்குள்ள நேரம் முடிஞ்ச ரெட்டை மணி அடிச்சிருச்சு. அதை ரெண்டாவது ஸ்பீக்கர் தூக்கப் பார்த்தா, அவளுக்கே நேரம் பத்தல, அவளும் போற போக்குல என்னைக் கை காட்டிட்டு உக்காந்துட்டா. எதிர்ப்புப் பக்கத்து மூணாவது ஆளு புது பாயின்ட் கொண்டுவரக் கூடாது, ரூல். ஆக அந்த பாயின்ட் செத்துப் போச்சு, அதுக்குக் கருமாதி பண்ற பொறுப்பு மட்டும் எனக்கு. 8 நிமிஷத்துல அவங்க மூணு பேரோட பேச்சுக்கும் பதில், பிஓஐக்குப் பதில், நம்மாளு விட்ட ரிபட்டல், எல்லாத்தையும் மூச்சு வாங்காம அடிச்சேன். நல்லாத்தான் அடிச்சேன், தற்பெருமை இல்ல, எதிர் டீம்லயே ரெண்டு பேரு தலையைக் குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

இதுக்கு மேலதான் எனக்கு எரியுது. கடைசியா 4 நிமிஷ ரிப்ளை ஸ்பீச்னு ஒண்ணு இருக்கு, மொத்த விவாதத்தையும் தொகுத்து நாம ஏன் ஜெயிச்சோம்னு சொல்றது. அதை முதல் ஆளோ ரெண்டாவது ஆளோதான் பேசணும், மூணாவது ஆளு பேசவே கூடாது. அதுலயும் எதிர்ப்புப் பக்கத்து ரிப்ளைதான் முதல்ல வரும், அதாவது நான் உக்கார்றேன், அடுத்த செகண்ட் நம்மாளு எந்திரிக்கணும். நான் உக்காரக்கூட இல்ல, என் கையில இருந்த பேப்பரை உருவிட்டான்! என் கையெழுத்து, என் வரி, என் உதாரணம், அப்படியே வாசிச்சான், இடையில அந்த விளக்குப் பையனையும் சொருகிட்டான். எவனோ சமைப்பான், எவனோ பரிமாறிப் பேர் வாங்குவான்.

தோத்தோம். 60ல இருந்து 80 வரைக்கும்தான் மார்க், அவனுக்கு 72, எனக்கு 69. ஜட்ஜ் ஃபீட்பேக் சொன்னாரு: முதல் ஸ்பீக்கருக்கு மேடையில நல்ல நிதானம், மூணாவது ஸ்பீக்கர் கொஞ்சம் ஆவேசமாப் பேசுறாரு, அவசரம் தெரியுது. அவசரமா? ஐயா, வீடு பத்தி எரியும்போது தண்ணி ஊத்துறவன் நிதானமா நடந்து வருவானா? கேக்கலாம்னு வாயைத் திறந்தேன், கோச் முறைச்சாரு, மூடிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட புலம்பினா, “எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுறல்ல, அதான்”னு ஒரே வரியில கேஸை முடிச்சுட்டாங்க. அவங்களை ரிப்ளைக்கு விட்டிருக்கலாம்.

இதை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே குரூப்ல மெசேஜ் வருது. அடுத்த ரவுண்டுக்கு மோஷன் இன்னும் வரவே இல்ல.

“மச்சி, ஓப்பனிங் ரெடி. ஒரு பாட்டி கதை. செமயா இருக்கு.”