அப்பாவின் ரோடுகிங்குக்கு ஏன் பெயின்ட் அடிக்கவில்லை

பழைய வண்டியைச் சீரமைத்துவிட்டோம் என்று நண்பர்கள் போடும் படங்களில் கண்ணாடி போல மின்னும் டேங்கையும் புதுக் குரோமையும் பார்க்கும்போதெல்லாம், அந்த வண்டியை ஓட்டித் தேய்த்த மனிதரின் தடம் அதில் எங்கேனும் மிச்சமிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. ஓடாத வண்டியை ஓட வைப்பது ஒரு வேலை. பழைய வண்டியைப் புது வண்டியாகக் காட்டுவது வேறொரு வேலை. இரண்டாவதற்குத்தான் நாம் அதிகம் செலவழிக்கிறோம், அதைத்தான் அதிகம் மெச்சுகிறோம் என்பது என் வருத்தம். இந்த வருத்தம் எனக்கு வந்ததும் நானே ஒரு தவறைச் செய்த பிறகுதான்.

அப்பா கால்நடை ஆய்வாளராகத் தாராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை பார்த்தவர். 1982-இல் வாங்கிய யெஸ்டி ரோடுகிங் மோட்டார் சைக்கிளின் கேரியரில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பதினாறு ஆண்டுகள் அலைந்தார். டேங்கின் இரு பக்கமும் அவர் முழங்கால் பட்டுப் பட்டு நிறம் தேய்ந்து அடிப்பூச்சான ப்ரைமர் தெரியும். இடப்பக்கச் சைலன்சரில் ஒரு பள்ளம் உண்டு. சினை ஊசி போடப் போன இடத்தில் எருமை ஒன்று உதைத்தது அது. பார்வை மங்கியதும் 1998-இல் கட்டுத்தரையின் மூலையில் நிறுத்தியவர், அதன்பின் அதைத் தொடவில்லை. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024-இல் நான் அதன் மேலிருந்த கடலைக்கொட்டைச் சாக்குகளை இறக்கினேன்.

அவசரப்பட்டு, நகரத்தில் பழைய வண்டிகளுக்கென்றே இருக்கும் ஒரு கடையில் விட்டேன். முழுவதும் பிரித்து, பவுடர் கோட்டிங், புதுக் குரோம், புது ஸ்டிக்கர், எல்இடி விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்றார்கள். எருமைப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னபோது, புதுச் சைலன்சரே போட்டுவிடலாம் என்று சிரித்தார்கள். மூன்றாம் நாள் எனக்கு மனம் ஒப்பவில்லை. வண்டியைத் திருப்பிக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகே, பின்னால் உட்காருபவரின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க அதன் ஓரமிருந்த கம்பித் தடுப்பான சாரி கார்டைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள் என்பது தெரிந்தது. யாரிடம் வண்டியை விட்டாலும், கழற்றும் ஒவ்வொரு பொருளையும் ஒரு சாக்கில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, யெஸ்டிக்கு முந்தைய ஜாவா ஓடிய காலத்திலிருந்து தொழில் செய்யும் ஒரு பெரியவரைப் பிடித்தேன். இந்த வண்டியில் கியர் லீவரே கிக்கர் என்பது தெரிந்தவர்கள் குறைந்துவிட்ட நாளில், அவர் அதை உள்ளே அழுத்தி மேலே திருப்பிய விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. பிஸ்டன் இறுகிப்போயிருந்ததால் லீவர் அசையவில்லை. ஏறி மிதிக்கப் போன என்னைத் தடுத்து, “இப்ப மிதிச்சா ரிங்கு ஒடஞ்சு போயிருமுங்க, பத்து நாளைக்குச் சும்மா விடுங்க” என்றார். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, தினமும் மாலையில் பின்சக்கரத்தை லேசாக அசைத்துப் பார்ப்பதோடு சரி. எட்டாம் நாள் பிஸ்டன் நகர்ந்தது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனை விடவும் கவலைப்பட வேண்டியது, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள்தான் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். நின்றே கிடக்கும் வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து விறைத்துவிடுகிறது. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடித்து வெண்புகை கக்கும். புகைகிறதே என்று நாமாவது நிறுத்திப் பார்ப்போம். மறுபக்கத்துச் சீல் போனால் புகை எதுவும் வராது. வெறும் காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோலின் பங்கைக் குறைக்க, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். டேங்குக்கு பெயின்ட் அடித்துவிட்டு இந்தச் சீல்களைத் தொடாமல் விட்ட வண்டிகள் இரண்டாம் மாதம் மீண்டும் மூலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே பணத்தையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் போட்டேன். சீல், பேரிங், பிரேக் ஷூ, கேபிள், வயரிங், டயர் ஆகியவற்றில் உணர்ச்சிக்கு இடமில்லை. அப்பா போட்ட டயர் என்பதற்காக வெடித்த டயரில் யாரும் போகக் கூடாது. டேங்கின் உட்புறத் துருவை வினிகரில் இரண்டு நாள் ஊறவைத்து, சமையல் சோடா நீரால் கழுவி, உடனே உலர்த்தி, டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டூ டி ஆயில் பூசினோம். இன்று பெட்ரோல் பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை இளக்கும் என்பதால், பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரின் வாஷர்களையும் மாற்றினோம்.

யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. 2022-இல் யெஸ்டி என்ற பெயர் சந்தைக்குத் திரும்பி வந்தாலும், இப்போதைய வண்டி தண்ணீரால் குளிரும் ஃபோர் ஸ்ட்ரோக். அதன் எஞ்சின் பாகம் ஒன்றும் இதற்குப் பொருந்தாது. கடைகளில் கிடைக்கும் பல பாகங்கள் பிற்காலத்து நகல்கள். நாற்பது ஆண்டு தாங்கிய அசல் இரும்பைத் தூக்கி எறிந்துவிட்டு அதன் நகலுக்குக் குரோம் பூசுவதை எப்படிச் சீரமைப்பு என்பது?

சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. 2021-இல் வந்த மத்திய விதி, பதிவாகி 50 ஆண்டு கடந்து, சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியையே விண்டேஜ் என்கிறது. அப்பாவின் வண்டிக்கு 2032 வரை அந்தத் தகுதி இல்லை. அதனால் மற்ற வண்டிகளைப் போலவே வாரிசுச் சான்றிதழ், தம்பியின் ஒப்புதல், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, ஐந்தாண்டுப் புதுப்பிப்புக்குப் படிவம் 25 என்று அலைந்தேன். அது தனிக் கதை.

நிறம் தேய்ந்த டேங்கைத் துடைத்து மெழுகு மட்டும் பூசினேன். எருமைப் பள்ளம் அப்படியே இருக்கிறது. பார்க்கிறவர்கள் எப்போது பெயின்ட் அடிப்பாய் என்று கேட்கிறார்கள். சாரி கார்டுக்கு மட்டும் நான்கு மாதம் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கி, வேறொரு யெஸ்டியிலிருந்து வந்த ஒன்றைப் பிடித்து மாட்டினேன். அம்மாவை உட்காரச் சொன்னேன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, நம்முடையதில் கடைசிக் கம்பி சற்று வளைந்திருக்குமே, இது யாருடையது என்று கேட்டார்.