அட்வான்ஸ் கட்டப் போகும் நாளில் கல்லூரியைப் பார்க்காதீர்கள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் சேலம் அஞ்சு ரோட்டில் இருந்து கருப்பூர் வரை 'அட்மிஷன் ஓபன்' பிளெக்ஸ்தான். பிளஸ் டூ பிள்ளைகள் அப்போதுதான் பிராக்டிகலுக்கு ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க அலைந்து கொண்டிருப்பார்கள். பொதுத்தேர்வுக்கு ஹால் டிக்கெட்கூட வந்திருக்காது. அதற்குள் அப்பாவின் போனுக்கு அழைப்பு வரும்: "சார், கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கொஞ்சம் சீட்தான் இருக்கு, ஒரு அட்வான்ஸ் கட்டி பிளாக் பண்ணிடுங்க." குடும்பமே ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பிடித்துப் போய், வரவேற்பறை ஏசியில் உட்கார்ந்து, காபி குடித்து, பணம் கட்டிவிட்டு வரும். இதற்குப் பெயர் "காலேஜ் பார்த்துட்டு வந்தோம்".

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி கொலுசு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற ஊர் நம்முடையது. நாலு வருஷப் படிப்புக்கு ஒரே ஒரு கட்டடத்தை, அதுவும் விடுமுறை நாளில் பார்த்து முடிவெடுக்கிறோம். என் கருத்து இதுதான்: கல்லூரியை நேரில் பார்க்கும் வேலை, பணம் கட்டுகிற வேலைக்குக் குறைந்தது நாலு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதை மாணவனோ மாணவியோ முன்னால் நின்று செய்ய வேண்டும். பெற்றோர் கூடப் போனால் போதும்.

எப்போது போவது? ரிசல்ட் வந்த பிறகு என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். மே மாதம் போனால் பல கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை நடக்கும், அல்லது லீவு விட்டிருப்பார்கள். வகுப்பு இருக்காது, லேப் பூட்டியிருக்கும், மெஸ்ஸில் ஆள் இருக்காது. அரையாண்டு லீவில், கிறிஸ்துமஸ் சமயத்தில் போனாலும் பெரும்பாலும் இதே கதை. சரியான நேரம் காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் பள்ளிக்கு லீவு. கல்லூரியில் முதல் செமஸ்டர் மும்முரமாக ஓடிக் கொண்டிருக்கும். காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை நாட்களைத் தவிர்த்து ஒரு செவ்வாயோ புதனோ காலை பத்து மணிக்குப் போங்கள். அலுவலகத்துக்கு இரண்டு நாள் முன்பே போன் செய்து, "பிளஸ் டூ மாணவர், டிபார்ட்மென்ட் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் பல இடங்களில் அனுமதிப்பார்கள். வேலை நாளில் வேண்டாம், சனிக்கிழமை ஓபன் டேக்கு வாங்க என்று வற்புறுத்தினால் அதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

போன இடத்தில் நுழைவாயிலையும் ஆடிட்டோரியத்தையும் பார்க்க வேண்டாம், அவை எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். நேராக டிபார்ட்மென்ட் லேபுக்குப் போங்கள். மெக்கானிக்கல் என்றால் லேத் மெஷினுக்கு அடியில் உள்ள தட்டைக் குனிந்து பாருங்கள். அதில் இரும்புச் சுருளும் கூலன்ட் பிசுக்கும் கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. பெயின்ட் பளபளவென்று, சக்கில் துரும்புகூட ஒட்டாமல் இருந்தால் அது இன்ஸ்பெக்ஷனுக்கு வைத்த மெஷின். எலக்ட்ரானிக்ஸ் லேபில் எத்தனை டேபிள், ஒரு டேபிளுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நாலு பேர் சுற்றி நின்றால் ஒருவர்தான் ஒயர் சொருகுவார், மூன்று பேர் ரீடிங் காப்பி அடிப்பார்கள். கம்ப்யூட்டர் லேபில் வகுப்பு இல்லாத நேரத்தில் மாணவர்களுக்குத் திறந்து விடுவார்களா என்று கேளுங்கள். ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று புதிதாக ஆரம்பித்த பிரிவுகளில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இந்தப் பிரிவுக்கென்றே சேர்த்த ஆசிரியர்கள் யார் யார், அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசிரியர்களே இரண்டு பக்கமும் ஓடுகிறார்களா?

மத்தியானம் கேன்டீனில் உட்காருங்கள். அங்கே மூன்றாம் வருஷப் பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும். முதல் வருஷத்துக்கு ஒன்றும் தெரியாது, கடைசி வருஷம் வேலை கவலையில் இருக்கும். "காலேஜ் எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. போன செமஸ்டரில் எந்தப் பேப்பரில் நிறைய பேருக்கு அரியர், நடுவில் ஆசிரியர் மாறினாரா, இன்டர்ன்ஷிப்பை யார் தேடித் தந்தார்கள், ஃபைன் எதற்கெல்லாம் போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஹாஸ்டல் என்றால் தண்ணீர் எந்த நேரம் வரும், ஞாயிறு இரவு மெஸ் உண்டா, உடம்பு சரியில்லை என்றால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் கட்டாயம் லேப் மாடியில் உள்ள டாய்லெட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும், ஆபீஸ் பக்கத்தில் இருப்பதை அல்ல.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குப் பயணக் கணக்கும் முக்கியம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, புது பஸ் ஸ்டாண்டில் மாறி, ஓமலூர் ரோட்டில் கருப்பூர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒரு வேலை நாளில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாகலூர், வெள்ளக்கடை பக்கம் என்றால் ஏற்காடு வந்து சேரவே தனி நேரம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றைய வகுப்பு போச்சு. தினமும் போய் வருவதா, ஹாஸ்டலா என்பதை அப்போதே முடிவு செய்துவிடலாம்.

பிளெக்ஸில் இருப்பதைக் காகிதத்தில் சரிபார்க்க வழி இருக்கிறது. நாக் (NAAC) தரச்சான்று முழுக் கல்லூரிக்கும் தருவது. என்பிஏ (NBA) தரச்சான்று தனித்தனிப் பிரிவுக்குத் தருவது, அதற்கு முடிவு தேதியும் உண்டு. நீங்கள் சேரப் போவது ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) என்றால், மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்பிஏவால் உங்களுக்கு என்ன பயன்? அடுத்து, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் (NIRF) தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, சம்பளத்தின் நடுமதிப்பு எவ்வளவு என்று வருஷ வாரியாக இருக்கும். பிளெக்ஸில் போடுவது ஒரே ஒரு பையனின் அதிகபட்சச் சம்பளம். நடுமதிப்பு என்பது பாதிப் பேர் அதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று பொருள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தானே தெளியும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு தொடங்கும் முன் மாணவர் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக் கொண்டு மீதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇயின் விதி. ஆனால் விதி பேசுவது கட்டணத்தைப் பற்றி. ரசீதே இல்லாமல் கொடுத்ததையும், 'நன்கொடை' என்று ரசீது போட்டதையும் எந்த விதியைக் காட்டி மீட்பீர்கள்? கட்டியே தீருவேன் என்றால் கட்டணம் என்று எழுதிய, சீல் வைத்த ரசீது வாங்குங்கள். மாற்றுச் சான்றிதழின் அசலைக் கொடுக்காதீர்கள். டியூஷன் கட்டணம், பஸ், ஹாஸ்டல், பரீட்சை, சீருடை, 'டிரெய்னிங்' என்று தனித்தனி வரியாக எழுதிக் கேளுங்கள். பலரையும் கவிழ்ப்பது அந்த டிரெய்னிங் வரிதான்.

மாநில அரசு ரேங்க் வரிசையில் பொறியியல் இடங்களை ஒதுக்கும் கவுன்சலிங்குக்கு வருவோம். கட்-ஆஃப் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: கணிதம் முழுதாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி 50, மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90 என்றால் 92 + 44 + 45 = 181. இங்கே நடக்கிற தப்பு, போன வருஷம் அந்தக் கல்லூரியில் 178க்குக் கிடைத்தது, நமக்கு 181, ஆகவே கிடைத்துவிடும் என்று நினைப்பது. கணிதப் பேப்பர் ஒரு வருஷம் சுலபமாக வந்தால் 181க்கு ரேங்க் பல ஆயிரம் பின்னால் போய்விடும். மார்க்கை விட்டுவிட்டு, அந்தப் பிரிவில் உங்கள் இட ஒதுக்கீட்டு வகுப்பில் (பிசி, எம்பிசி, எஸ்சி போல) கடைசியாகச் சேர்ந்தவரின் ரேங்கைப் பாருங்கள். இரண்டு மூன்று வருஷத்து ஒதுக்கீட்டு விவரத்தை எடுத்து வைத்தால் ஓரளவு பிடிபடும்.

கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்கில் கிடைக்கக் கூடியதை மேலே போடு என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. உங்கள் ரேங்க் வரும்போது காலியாக உள்ள முதல் இடத்தைத் தருகிறது. மேலே பத்து கிடைக்காத கல்லூரி போட்டாலும் பதினொன்றாவது உங்களுக்கே. ஆனால் முதலில் போட்டது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் நகர வழியே இல்லை. ஆகவே ஆசை வரிசையில் போடுங்கள், நிறையப் போடுங்கள். நேரில் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்த கல்லூரியை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள்; காலாண்டு லீவில் அலைந்ததன் பலன் இங்கேதான். நாலு இலக்கக் கல்லூரிக் குறியீட்டையும் இரண்டு எழுத்துப் பிரிவுக் குறியீட்டையும் தாளில் எழுதி வைத்துக் கொண்டு டைப் செய்யுங்கள். சுயநிதிப் பிரிவுக்கும் தமிழ்வழிப் பிரிவுக்கும் தனிக் குறியீடு. சிவில் என்று நினைத்துத் தமிழ்வழி சிவிலைப் போட்டுவிட்டு, ஒதுக்கீடு வந்த பிறகு அழுது பயனில்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டு நாள்தான். ஏற்றுச் சேர்வது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டு மேலே காத்திருப்பது என்று தேர்வுகள் வரும். இரண்டாவதில் கையில் உள்ள இடம் பத்திரமாக இருக்கும்; மேலே கிடைத்தால் பழையது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. மூன்றாவதில் கையில் உள்ளதும் அப்போதே போகிறது. அவசரத்தில் இரண்டையும் குழப்பிக் கொள்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. ஏற்றுக்கொண்டு காத்திருப்பவர்கள் உதவி மையத்தில் கெடுவுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதையும் மறந்து விடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை: பிரவுசிங் சென்டரில் விண்ணப்பிக்கும்போது கடைக்காரரின் போன் நம்பரையும் மெயிலையும் கொடுப்பது. ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். அவர் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போயிருந்தால்? சொந்த நம்பர் கொடுங்கள், ஆகஸ்ட் வரை அதில் ரீசார்ஜ் இருக்கட்டும். மலையில் சிக்னல் நிற்காத ஊர்க்காரர்கள் கடைசி நாள் மாலை வரை காத்திருக்காமல் பள்ளியின் ஹைடெக் லேபிலோ, கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி உதவி மையத்திலோ முதல் நாளே முடித்துவிடுங்கள்.

சான்றிதழ் வேலையை ஜூனுக்குத் தள்ளினால் இ-சேவையில் கூட்டம், விஏஓ மேசையில் குவியல். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தாலோ, அதற்கான கட்டணச் சலுகையைப் பெற்றிருந்தாலோ தம்பிக்கு இல்லை. மாநிலக் கவுன்சலிங்குக்குச் சாதிச் சான்றிதழ் போதும் என்பதால், மத்திய அரசின் என்ஐடிக்கும் அதுவே போதும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அங்கே பிற்படுத்தப்பட்டோருக்கு ஓபிசி, கிரீமி லேயர் (வசதி படைத்தோர்) அல்லாதவர் என்ற தனிச் சான்றிதழ் வேண்டும், அது அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஏற்காடு மலையின் மலையாளி இனப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் தருவது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் எடுக்கும். அப்பாவின் சான்றிதழ், உறவினர் ஆவணங்கள் என்று சேர்த்துக் கொண்டு பதினொன்றாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டும். நடுவில் ஒரு வருஷம் உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும், எனவே ஒவ்வொரு பள்ளியிலும் அங்கே படித்ததற்கான பொனஃபைட் சான்று வாங்கி வையுங்கள்.

பொறியியல் மட்டுமே படிப்பு என்று நினைக்கிறவர்களுக்காக: அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம்தான், தரவரிசை கல்லூரிக்குக் கல்லூரி தனி. 1857இல் தொடங்கிய நம் சேலம் அரசு கலைக் கல்லூரியும் அதில்தான். பி.எஸ்சி., பி.காம். போன்றவற்றுக்கு மொழிப்பாடங்கள் நீங்கலாக நாலு பாடங்களின் 400 மார்க் கணக்கு, பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க். அசல் சான்றிதழ்களோடு குறித்த நேரத்துக்கு நேரில் போகாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டு விடுவார்கள். தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஊருக்குள்ளேயே கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். இவற்றையும் அதே காலாண்டு லீவில் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்; தலைவாசலுக்கு ஆத்தூர் வழியாக பஸ் உண்டு, காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.