செவ்வாய்க்கிழமை ராத்திரி யார் மேட்ச் பார்க்க வருவார்கள்?

நவம்பர் வந்தாலே எரிச்சல்தான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற சின்ன அணிகளின் லீக் ஆட்டங்களை டிவிக்காகச் செவ்வாய், புதன் ராத்திரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். சனிக்கிழமை முழுக்கப் பெரிய அணிகளுக்கு. ஒஹாயோ குளிரில், மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டியவர்கள் பிள்ளைகளோடு எப்படி வருவார்கள்? அப்புறம் காலி இருக்கைகளைக் காட்டி 'ரசிகர்களே இல்லை' என்கிறார்கள். வயிறு எரிகிறது.

ஆட்டம் மோசமா? 2024 செப்டம்பரில் அப்போது இந்த லீக்கில் ஆடிய நார்தர்ன் இல்லினாய், பெரிய அணியான நோட்டர் டேமை அவர்கள் ஊரிலேயே 16-14 என்று சாய்த்தது!

நன்றாக ஆடுகிற பையன்களும் தங்குவதில்லை. இதே லீக்கின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆடிய கர்ட்டிஸ் ரோர்க் 2024இல் பெரிய லீக்கில் ஆடும் இண்டியானாவுக்கு மாறினார். அந்த வருஷமே இண்டியானா தேசிய சாம்பியன் பட்டத்துக்கான ப்ளேஆஃபுக்குப் போனது. இங்கே இருப்பவர்கள் யாரை நம்பி சீசன் டிக்கெட் வாங்குவது?