ஐந்து நிமிடம் பிள்ளை சும்மா உட்காரக் கூடாதா?

சனிக்கிழமை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாமா என்றுதான் கேட்டேன். “அந்த நேரத்தில் இரண்டு கணக்குப் போடட்டும்” என்று ஒரு பதில். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். மனது கஷ்டமாகிவிட்டது.

கணக்குக்கு நான் எதிரியில்லை. மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது துணைப்பாட வகுப்புக்கு நானும் அலைந்தவள்தான். இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ கணக்குத் தேர்வுக்கு முந்தின இரவு அவள் கை வியர்த்து, தாளின் ஓரமெல்லாம் ஈரம். “எல்லாம் மறந்துடுச்சும்மா” என்றாள். நூறு தடவை போட்ட கணக்கு அது! இன்னொரு தாளைக் கொடுத்து என்ன பயன்? இருவரும் தரையில் உட்கார்ந்தோம். நான்கு எண்ணும்வரை மூச்சை இழு, ஆறு எண்ணும்வரை விடு என்றேன். மூச்சை நீளமாக விட்டால் இதயத்துடிப்பு தணியும், உடம்பின் இயல்பு அது. கொஞ்ச நேரத்தில் அவளே போய்ப் பென்சிலை எடுத்தாள். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

இது சமய விஷயம் என்கிறார் ஒருவர். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபாட்-சின் 1979ல் மாசச்சூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் மூச்சையும் மனத்தையும் கவனிக்கும் ‘மைண்ட்ஃபுல்னஸ்’ பயிற்சியை நாள்பட்ட வலியுள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தபோது அதில் பூசையும் இல்லை, மந்திரமும் இல்லை.

இன்னொருவர், பள்ளிகளில் இந்த மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியைச் சோதித்துப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வைத் தூக்கிப் போட்டார். 2022ல் வந்தது, 8,000க்கும் அதிகமான மாணவர்கள், வழக்கமான வகுப்பைவிடப் பலன் கூடவில்லை. சரி, நானும் படித்தேன். பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா? கண்ணை மூடினால் சில பிள்ளைகளுக்குப் பதற்றம் கூடும், உண்மைதான். திறந்தே வைத்திருக்கட்டும். மனம் ரொம்ப உடைந்த பிள்ளைக்கு ஆலோசகர் வேண்டும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் கூடவா இல்லை?

2023க்குள் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். நாம் என்ன செய்தோம்? அந்த இடத்தில் துணைப்பாட நிலையத்தின் மாதிரித் தேர்வைக் கொண்டுவந்து வைத்தோம். சாப்பாட்டு மேசையில்கூட “எத்தனை மார்க்?” என்பதுதான் முதல் கேள்வி. நம்மோடு சும்மா உட்கார்ந்திருக்கப் பிள்ளைக்கு நேரமே கொடுப்பதில்லை.

அந்தக் கட்டைவிரல்களில் ஒன்று, மகன் ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறான் என்று போன வருடம் பதினொரு மணிக்கு எனக்கு அழைத்தவருடையது. பன்னிரண்டரை வரை பேசினோம். அவருமா அதை அழுத்தினார்?