ஃபோர்மன் 45 வயதில் வென்றது உண்மை, மற்றதெல்லாம் சரியா?

தேக்கா காப்பிக் கடை நண்பர்கள் குழுவில் நேற்று ஒரு செய்தி சுற்றியது. பத்து வருட ஓய்வுக்குப் பிறகு நேரே மேடையேறிய ஜார்ஜ் ஃபோர்மன், 45 வயதில் அப்போதைய ஹெவிவெயிட் (மிக அதிக எடைப் பிரிவு) சாம்பியன் மைக்கேல் மூரரை முதல் சுற்றிலேயே சாய்த்தாராம். உலகின் மிக மூத்த குத்துச்சண்டைச் சாம்பியனும் அவர்தானாம். அதை நம்பி, ஐம்பதைத் தாண்டிய என் மாமா கையுறை வாங்கக் கிளம்பிவிட்டார்.

உண்மையில் ஃபோர்மன் திரும்பி வந்தது 1987இல். நடுவே ஹோலிஃபீல்டிடமும் மோரிசனிடமும் தோற்றார். 1994 நவம்பர் 5, லாஸ் வேகஸ்: மூரருடன் மோத, 1974இல் முகமது அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்புக் கால்சட்டையுடன் வந்தார். ஒன்பது சுற்றுகள் அடி வாங்கினார்; மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியே இருந்தார். பத்தாவது சுற்றில் வலக்கைக் குத்து மூரரின் தாடையில் இறங்கியது. எத்தனை வருடப் பொறுமை அது!

மிக மூத்தவர் என்பது ஹெவிவெயிட் பிரிவுக்கு மட்டுமே பொருந்தும். பெர்னார்ட் ஹாப்கின்ஸ் 2011இல் 46 வயதில், அதைவிட எடை குறைந்த லைட் ஹெவிவெயிட் பிரிவின் பட்டம் வென்றார். 51 வயதில் ஆடிய கடைசி ஆட்டத்தில் அவரே கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார்.

மாமா, அலியையும் பாருங்கள். 1980இல், 38 வயதில் அப்போதைய சாம்பியன் ஹோம்ஸிடம் அவர் வாங்கிய அடியைப் பொறுக்காமல், பத்தாவது சுற்றுக்குப் பின் அலியின் பயிற்சியாளரே ஆட்டத்தை நிறுத்தினார்.